பத்தரைக்குத் தொடங்காத வகுப்பு

எனக்கு வேலை கிடைத்தால் இங்கேயே இருப்போம், கிடைக்காவிட்டால் படகேறி இந்தியாவுக்குப் போவோம் என்று அப்பா முடிவு சொன்னபோது எனக்கு இருபத்தொரு வயது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குருநகரை விட்டு ஓடிவந்து, தம்பி, தங்கையோடு ஐந்து பேராக மானிப்பாயில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தோம். அப்பா கடற்றொழில் செய்தவர். கடலில் இறங்கத் தடை. எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை, கொஞ்ச நாளில் எஞ்சினும் இல்லை. காலையில் எழும்பி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்பார். அம்மா அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த அமாவாசை இருட்டுக்குப் படகு போகுதாம்," என்றார் அப்பா. "அதுக்கிடையிலை பிள்ளைக்கு ஒரு வேலை சரிவந்தால் இருப்பம். இல்லையெண்டால் போவம். இஞ்சை மற்றவையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எத்தினை நாளைக்கு இருக்கிறது?"

அம்மாவின் தம்பி அப்படி ஓர் இருட்டில் போனவர்தான். போய்ச் சேர்ந்தார் என்ற செய்தி இன்றுவரை வரவில்லை. அன்று இரவு அம்மா செபமாலை சொல்லும்போது குரல் வழக்கத்தைவிட உரத்துக் கேட்டது. அது மாதாவுக்குச் சொன்னதா, அப்பாவுக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் விற்கக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலம். நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அவர்களில் ஒருவருக்கு நாங்கள் தமிழில் கதைப்பது காதில் விழுந்தாலே தலையிடி வந்துவிடும். அந்தத் தலையிடிக்குப் பயந்து பயந்தே எங்கள் வகுப்பு முழுவதும் ஆங்கிலம் கதைக்கப் பழகிவிட்டது. பல்கலைக்கழகம் மட்டுமட்டாகத் தவறிப்போனது. ஆனால் ஆங்கிலத்தை யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியவில்லை. இடம்பெயரும்போது சுமக்கவும் தேவையிருக்கவில்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல கிராக்கி. வீட்டுக்கு ஒருவராகக் கனடாவுக்கோ சுவிசுக்கோ லண்டனுக்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளைகளிடம் போகப் பெண்கள் காத்திருந்தார்கள். ஆகவே நான் கதவைத் தட்டினால் போதும், ரியூட்டரிக்காரர்கள் வாசலுக்கு ஓடிவந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தேன். ரியூட்டரி என்று நாங்கள் சொல்வது தனியார் படிப்பு நிலையங்களை. தென்னங்கிடுகால் வேய்ந்த நீளக் கொட்டில்கள், பிள்ளைகள் வரிசையாக இருக்க நிறைய வாங்குகள், முன்னால் ஒரு காடு போலச் சைக்கிள்கள். பள்ளிக்கூடத்தில் நித்திரை கொள்கிற பிள்ளைகள் அங்கே கண் விழித்துப் படிப்பார்கள்.

முதலில் போன இடத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "கரண்ட் இல்லை, மைக் இல்லை. கடைசி வாங்குக்குக் கேக்க வேணுமே. பொம்பிளைப் பிள்ளையின்ரை தொண்டை தாங்குமோ?" என்றார்கள். குருநகர்ப் பெண்ணின் தொண்டையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடற்காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய சனம் நாங்கள். ஒரு சத்தம் வைத்துக் காட்டலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னோர் இடத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. என் ஆங்கிலம் அவருக்குப் பிடித்துவிட்டது. எந்த நாளில் வரலாம் என்றுகூடக் கேட்டார். பிறகு, "பிள்ளை எவடம்?" என்றார். எந்த ஊர் என்ற அந்தக் கேள்விக்குள் சாதி, சமயம் என்று எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்பது யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். குருநகர் என்றேன். "ஓமோ," என்றார். அதன்பிறகு மேசையிலிருந்த பொருட்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைத்துக்கொண்டே, பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சைக்கிளை எடுக்கும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் சைக்கிளை வேகமாக ஓடுவேன். அன்று மானிப்பாய்க்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது.

அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா பண்டத்தரிப்புக்குப் போய்ப் படகுக்காரரைக் கண்டு எங்கள் பேரைச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா எங்கள் உடுப்புகளை மடித்து மடித்து வைத்தார். வைத்ததையே எடுத்துத் திரும்பவும் மடித்தார்.

அப்போதுதான் சுன்னாகத்தில் ஒரு ரியூட்டரியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அதன் சொந்தக்காரர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சைவக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் நெற்றியில் திருநீறு இல்லை, சுவரில் சாமிப்படம் இல்லை. அவர் என் ஊரைக் கேட்கவில்லை. ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையைத் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொண்டை காணும், கடைசி வாங்குக்கும் கேக்கும்," என்றார். "வெளிநாடு போற ஆக்களுக்கெண்டு ஒரு வகுப்பு துவங்குங்கோ. நாளையும் நேரத்தையும் நீங்களே தெரிவு செய்யுங்கோ. நாள், நேரம் எண்ட கோதாரி ஒண்டும் எனக்கில்லை. ஆனால் ஒண்டு. முதல் நாள் வகுப்பு சும்மா. வாற ஆக்களைப் பாத்துத்தான் உங்களை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு நான் சொல்லுவன்."

இது எல்லா ரியூட்டரிகளிலும் இருந்த முறைதான். முதல் நாள் வந்து வாத்தியாரைப் பார்ப்பார்கள். பிடித்தால் இருப்பார்கள், பிடிக்காவிட்டால் பக்கத்துக் கொட்டிலுக்குப் போவார்கள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

நாளை நானே தெரிவு செய்தேன். அதில் என் புத்திசாலித்தனத்தை நான் மெச்சிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர், ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒறுத்தல் நாள், மச்சம் மாமிசம் தொடமாட்டோம். சைவ ஆட்களுக்கோ அது மங்களமான நாள். குளித்து முழுகிக் கோயிலுக்குப் போவார்கள், நல்ல காரியம் தொடங்குவார்கள். வரப்போகிறவர்கள் பெரும்பாலும் சைவர்கள். ஆகவே வெள்ளிக்கிழமை. காலையில் சமைத்து முடித்துவிட்டுப் பெண்கள் வர வசதியாகப் பத்தரை மணி, பன்னிரண்டு வரைக்கும். சுன்னாகம் சந்தையடியிலும் சந்தியிலும் என் கையாலேயே விளம்பரம் எழுதி ஒட்டினேன். பலர் நின்று வாசித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வெள்ளனவே போய்க் கரும்பலகையைத் துடைத்து முதல் பாடத்தை எழுதினேன். வாங்குகளை நேராக்கினேன். அம்மாவின் சேலை ஒன்றை உடுத்திருந்தேன். அதைக் கட்டிவிடும்போது அம்மா என் தோளில் குத்தூசியைக் குத்திவிட்டார். குத்திய இடத்தைப் பெருவிரலால் தேய்த்துவிட்டார்.

பத்தரை ஆனது. ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் யார்தான் நேரத்துக்கு வருகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தியிலிருந்த பிள்ளையார் கோயிலில் மணி அடித்தது. ஒரு மாடு வந்து கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தது. மாட்டைக் கலைக்கவும் எனக்கு மனம் வரவில்லை, அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்சம் கழித்து வெள்ளைச் சேட்டுப் போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, ஒரு காலை ஊன்றியபடி உள்ளே பார்த்தார். நான் எழும்பி நின்று சிரித்தேன்.

"துவங்கீட்டியளோ?" என்றார்.

"இல்லை. இப்ப துவங்கலாம், வாங்கோ."

அவருடைய முகம் மாறியது. மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லையில்லை, நான் பேந்து வாறன்," என்று சொல்லிவிட்டு, யாரோ துரத்துவதுபோல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். என் வயதைப் பார்த்துத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு சேலையைக் குனிந்து பார்த்தேன். பிறகு அவருக்கும் நான் எவடம் என்று தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். தனியாக இருக்கிறவளுக்கு நினைக்கவா பஞ்சம்.

சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் தரம் வந்து வாசலில் நின்றார். நல்ல மனிதர். சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிடுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களிலை பிழை இல்லைப் பிள்ளை," என்றார் கடைசியில். "இந்தச் சனத்துக்கு ஆங்கிலம் தேவையில்லைப் போலை. வெயிலுக்கு முன்னம் வீட்டை போங்கோவன்."

"வகுப்பு பன்னிரண்டு மட்டும் எண்டு எழுதியிருக்கிறன், சேர்," என்றேன். "அது மட்டும் இருந்திட்டுப் போறன்."

அது பொறுமையால் வந்த பேச்சல்ல. வீட்டுக்குப் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணிவரை தவணை கேட்டேன், அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெறும் வாங்குகளுக்கு முன்னால் இருந்தபடி படகைப் பற்றி யோசித்தேன். தம்பி தங்கையை எந்தப் பக்கம் இருத்துவது, அம்மாவின் கையை யார் பிடிப்பது என்றெல்லாம் மனம் தானாகவே ஓடியது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்துகொண்டேன். இந்தத் தட்டுப்பாட்டில் மெழுகுதிரிக்கு எங்கே போவது என்று நேர்ந்து முடிந்த பிறகுதான் யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கடலோடு பிறந்தவளுக்குக் கடலில் பயம் வரக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்குப் பயமாகவே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் பூசை மணி மறுபடி அடித்து ஓய்ந்தது. நான் எழும்பி, பலகையில் எழுதியிருந்ததை அழிக்கத் தொடங்கினேன். அழித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சைக்கிள்கள் நிறுத்துகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, சடசடவென்று பல. திரும்பிப் பார்த்தால் வாசல் நிறைய ஆட்கள். எல்லோர் நெற்றியிலும் ஈரம் காயாத திருநீறு, காதில் பூ. பட்டுச்சேலை கட்டிய பெண்கள், அவர்களுக்குக் காவலாகத் தாய்மார், புதுச் சேட்டு இளைஞர்கள். ஓடிப்போன அந்த வெள்ளைச் சேட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் நின்றார். கொப்பிகளைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்துவந்திருந்தார்கள், அட்டைகளில் சந்தனம் பூசியிருந்தது.

நான் அழிதுணியும் கையுமாக நின்றேன். "ஏன் எல்லாரும் இப்ப வாறியள்?" என்றேன்.

ஒரு தாய், பக்கத்தில் நின்ற தன் மகளைக் காட்டினார். "இவள் கனடாவுக்குப் போறவள், ரீச்சர். வெள்ளிக்கிழமை பத்தரையிலை இருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம் எல்லே. அதுக்குள்ளை ஆரும் படிப்பைத் துவங்குவினமே? நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்குப் பத்தரை எண்டு எழுதியிருக்கிறியள், ராகுகாலம் கழியத்தான் துவங்குவியள் எண்டு நாங்கள் எல்லாரும் கோயிலிலை இருந்தனாங்கள்."

வெள்ளைச் சேட்டுக்காரர் தலையாட்டினார். "நான் வந்து பாத்தனான். ரீச்சர் இப்ப துவங்கலாம் எண்டோண்ணை எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு."

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று தெரிந்து வைத்திருந்த எனக்கு, அந்த நல்ல நாளுக்குள் ஒரு கெட்ட நேரம் இருப்பதும், அதையே நான் பொறுக்கி எடுத்து ஊரெல்லாம் ஒட்டியதும் அப்போதுதான் தெரிந்தது. கெட்டித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டும். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பை மட்டும் வெளியே விட்டேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சொந்தக்காரர் வாங்குகள் நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் வந்த அவருடைய மனைவி, "நான் நோட்டீசைப் பாத்தவுடனை விளங்கீட்டுது," என்று அவரிடம் சொன்னார். "உங்களுக்குச் சொன்னால் பேச்சுத்தான் விழும் எண்டு பேசாமல் இருந்திட்டன். இவர் எங்கடை கலியாணத்தையே கரிநாளிலைதான் வைக்கவேணும் எண்டு நிண்டவர், ரீச்சர்." கொட்டில் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மூடநம்பிக்கைக்குக் கோபப்படுவதா, கூட்டத்துக்குச் சந்தோசப்படுவதா என்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை.

நான் வகுப்பைத் தொடங்கினேன். யார் யார் எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்திலேயே சொல்லப் பழக்கினேன். ஐ ஆம் கோயிங் டு கனடா, ஐ ஆம் கோயிங் டு லண்டன் என்று ஒருவர் பின் ஒருவராக எழும்பிச் சொன்னார்கள். முதலில் வெட்கம், பிறகு யார் உரத்துச் சொல்வது என்று போட்டி. காவலுக்கு வந்த தாய்மாரும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் எழுப்பிவிட்டேன். ஒரு தாய், "ஐ ஆம் கோயிங் டு மார்க்கெட்," என்றார். அதற்குத்தான் அன்று கைதட்டல் கூட.

வகுப்பு முடிந்து கொப்பிகளை எடுக்கும்போது அந்தக் கனடாப் பெண்ணின் தாய் கிட்ட வந்தார். "ரீச்சர் எவடம்?" என்றார்.

இவ்வளவு நேரமும் இருந்த சந்தோசம் இந்த ஒரு கேள்வியில் போகப்போகிறது என்று நினைத்தேன். போவதென்றால் போகட்டும் என்று, கடைசி வாங்குக்கும் கேட்கிறமாதிரி, "குருநகர்," என்றேன்.

"அப்ப உங்களுக்குக் கடல் தெரியும், என்ன?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவள் கிளாலியாலை வள்ளத்திலை போகவேணும், ரீச்சர். கொழும்புக்குப் போக வேறை வழி இல்லையே. இவளுக்குத் தண்ணி எண்டாலே பயம். எப்பிடி இருக்கிறது, வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்தால் என்ன செய்யிறது எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்."

வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிலர் திரும்ப வந்து வாங்கில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே அந்தக் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டத்தான் வேண்டும், ஒருவருக்கும் வள்ளம் பழக்கமில்லை. நான் ஒரு வாங்கைக் குறுக்கே போட்டு வள்ளமாக்கினேன். நடுவில், தாழ்ந்து இருங்கள். விளிம்பில் கையைத் தொங்கப்போடாதீர்கள். வள்ளம் ஆடினால் நீங்களும் சேர்ந்து ஆடுங்கள், எதிர்த்துப் பிடிக்காதீர்கள். பயம் வந்தால் தண்ணீரைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கும்போது இருந்ததைவிட அப்போது கொட்டில் அமைதியாக இருந்தது.

எல்லோரும் போனபின் சொந்தக்காரர் தொண்டையைச் செருமினார். "வாற வெள்ளிக்கும் வாங்கோ. திங்களும் வாங்கோ. இனி நீங்கள் இஞ்சத்தை ரீச்சர்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நேரத்தைப் பன்னிரண்டு எண்டு மாத்துவம். பத்தரைக்கு இந்தக் கொட்டிலிலை வேறை வேலை இருக்கெண்டு சொல்லலாம்," என்றார். அவருடைய மனைவி சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அங்கே படிப்பித்த காலமெல்லாம் ஏழு நாளின் ராகுகாலமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் பங்குத்தந்தைக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு உடம்பில் பாரமே இருக்கவில்லை. மத்தியான வெயில் சுட்டது, எதிர்க்காற்று அடித்தது, சைக்கிள் செயின் ஒருமுறை கழன்றது. எல்லாம் நல்லதாகவே பட்டது. மானிப்பாயில் படலையைத் திறக்கும்போது அப்பா முற்றத்தில் நின்றார். அம்மா குசினி வாசலில் நின்றார்.

"கிடைச்சிட்டுது," என்றேன்.

"இண்டைக்கு மட்டுமோ?" என்றார் அப்பா.

"இல்லையப்பா. இனி அங்கத்தை ரீச்சர் நான்தான் எண்டு சொன்னவர்."

அப்பா கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கினார். "படகுக்காரனிட்டைப் போய் நாங்கள் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன்," என்றார்.

"அமாவாசைக்கு இன்னும் நாள் கிடக்கு. சாப்பிட்டிட்டுப் போங்கோவன்," என்றார் அம்மா.

"வந்து சாப்பிடுறன்." படலைக்கு வெளியே போய்த்தான் சேட்டுக்குத் தெறி பூட்டினார். இருக்கையில் இராமல் எழும்பி நின்றபடியே மிதித்துக்கொண்டு போனார். அப்பா அப்படிச் சைக்கிள் ஓடி அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அம்மா ஒழுங்கை முனையில் திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். சாப்பிட்டார், கை கழுவினார், பாயை இழுத்துப் போட்டார். படுத்தபிறகு என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "போவம் எண்டு சொன்ன நாளிலை இருந்து எனக்குக் கண்மூட ஏலேல்லைப் பிள்ளை. உங்களை வைச்சுக்கொண்டு அந்தக் கடலிலை என்னெண்டு இறங்கிறது?"

சொல்லி முடித்த கையோடு நித்திரையாகிவிட்டார். இன்னும் வெளிச்சம் இருந்தது, தம்பியும் தங்கையும் வெளியில் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய் அவர்களை அடுத்த வளவுக்குப் போய் விளையாடச் சொல்லிவிட்டு வந்தார்.